ஊட்டியிலிருந்து சென்னைக் கண்காட்சிக்கு: சேகரிப்பைக் கைப்பையில் கொண்டுபோவதா, ரயிலிலா, தபாலிலா?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஸ்டாம்போ பழங்காசோ சேர்ப்பவர்கள், கண்காட்சியில் வைக்கவோ விவரம் தெரிந்தவரிடம் காட்டவோ என்றாவது ஒருநாள் அதைச் சென்னைக்கு எடுத்துப் போயாக வேண்டும். உடனே எழும் கேள்வி, "ஏர்போர்ட் ஸ்கேனருக்குள் விட்டால் ஏதாவது ஆகிவிடுமா?" என்பதுதான். ஆகாது. அந்த எக்ஸ்ரே காகிதம், அச்சு மை, பசை, வெள்ளி, செம்பு எதையும் ஒன்றும் செய்யாது. கேடு வருவதெல்லாம் வேறு நேரங்களில்: பெட்டி கையை விட்டுப் போகும்போது, அவசரத்தில் யாரோ ஆல்பத்தைப் புரட்டும்போது, சில்லிட்டிருக்கும் தாளை வெக்கையான ஈரக்காற்றில் பிரிக்கும்போது. எனவே எந்த வழியானாலும் இரண்டைக் கேளுங்கள். இதில் பெட்டி எத்தனை தடவை கைமாறுகிறது? எத்தனை தடவை திறக்கப்படுகிறது? கட்டணமும் நேரமும் அதற்குப் பிறகு.

முதலில் தராசில் வையுங்கள்

காகிதமா உலோகமா என்பதிலேயே பாதி முடிவு கிடைத்துவிடும். உள்நாட்டு விமானத்தில் எகானமி வகுப்பில் ஒருவருக்கு ஒரு கைப்பை, 7 கிலோ வரை, 55 × 35 × 25 செ.மீ. அளவுக்குள் என்பதே பொதுவான கணக்கு.

ஸ்டாம்ப் கண்காட்சியில் ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது காட்சிப் பலகைக்கு, ஸ்டாம்ப் ஒட்டி விவரம் எழுதிய தாள்கள் 16 ஷீட். ஐந்து ஃப்ரேம் வைப்பவரிடம் 80 ஷீட் இருக்கும். 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) ஏ4 தாள் ஒன்று 12.5 கிராம். மேலே போடும் கவரையும் ஒட்டியிருப்பதையும் சேர்த்து 25 கிராம் என்று தாராளமாகவே வைத்தாலும் மொத்தம் 2 கிலோதான். அதற்கொரு கெட்டிப் பெட்டி போட்டாலும் 3 கிலோவைத் தாண்டாது. ஷீட்டுகளுக்குப் பதில் ஸ்டாம்புகளைச் செருகி வைக்கும் தடித்த அட்டை ஸ்டாக்புக்குகளாக எடுத்துப் போகிறவர்களுக்குத்தான் எடை ஏறும். அங்கே ஸ்டாம்பைவிட அட்டைதான் கனம்.

காசு அப்படியில்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ரூபாய் ஒன்று 11.66 கிராம். கிழக்கிந்தியக் கம்பெனியின் 1835ஆம் ஆண்டுச் செம்புக் காலணா ஏறத்தாழ ஆறரை கிராம். 200 வெள்ளி ரூபாய் என்றால் காசு மட்டுமே 2.33 கிலோ. 400 என்றால் 4.66 கிலோ, ஹோல்டரும் ஃபோல்டரும் சேர்ந்தால் 6 கிலோவைத் தொட்டுவிடும். சார்ஜரும் தண்ணீர் பாட்டிலும் ஒரு மாற்றுச் சட்டையும் வைத்த உடனே கவுன்டரில் "இதை செக்-இன் பண்ணிடுங்க" என்று சொல்ல இடம் கொடுத்துவிடுகிறீர்கள். தவிர்க்க வேண்டிய முதல் விபத்து இதுதான்.

ஸ்டாம்புக்கு விமானக் கைப்பைதான் எங்கள் தேர்வு. காசுக்கு, உலோகம் மட்டும் 2 கிலோ வரை இருந்தால் விமானம். அதற்கு மேல் ரயில் அல்லது சொந்தக் கார்.

கைப்பையில், சோதனை மேடையில்

கோவை விமான நிலையத்தில் கைப்பையைச் சோதிப்பது மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை (சி.ஐ.எஸ்.எஃப்.). திரையில் அவர்கள் பார்ப்பது நிறங்களை: காகிதம், துணி, உணவு போன்றவை ஆரஞ்சு; உலோகம் நீலம்; கதிர் ஊடுருவ முடியாதது கறுப்பு. ஸ்டாம்ப் ஷீட்டுகள் ஆரஞ்சுக் கட்டாகத் தெரியும். நெருக்கமாக அடுக்கிய காகிதக் கட்டு சில நேரம் சந்தேகத்துக்கு இடம் கொடுப்பதுண்டு. லேப்டாப்பைப் போல அதையும் தனி டிரேயில் வைத்துவிட்டால் பெரும்பாலும் கேள்வியே வராது.

காசில்தான் சூட்சுமம் இருக்கிறது. 25 வெள்ளி ரூபாயைக் குழாய் போல அடுக்கிச் சுற்றினால் கிட்டத்தட்ட 6 செ.மீ. கனமுள்ள கெட்டி வெள்ளி. திரையில் அது ஒரு கறுப்பு உருளை. திறந்து காட்டாமல் யாரும் விடமாட்டார்கள். "நான் அடுக்கவில்லை, பக்கம் பக்கமாக ஆல்பத்தில்தான் வைத்திருக்கிறேன்" என்பவர்களும் இங்கே சிக்குகிறார்கள். ஆல்பத்தை மூடிப் படுக்க வைத்தால், பத்துப் பக்கத்திலும் ஒரே இடத்தில் இருக்கும் காசுகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன. மேலிருந்தோ கீழிருந்தோ பாயும் கதிருக்கு அது பத்துக் காசு அடுக்கியதற்குச் சமம். அதனால் பெரிய பைண்டரைப் பிரித்து, மூன்று நான்கு பக்கம் கொண்ட மெல்லிய ஃபோல்டர்களாக்குங்கள். அவற்றை டிரேயில் ஒன்றின்மேல் ஒன்று போடாமல் பக்கத்தில் பக்கத்தில் பரப்புங்கள். தனித்தனி வட்டங்களாகத் தெரிந்தால், பார்ப்பவருக்கு அது காசு என்று புரிந்துவிடும்.

அப்படியும் திறக்கச் சொல்லலாம். அதில் தவறொன்றும் இல்லை. மறுத்தால் பயணம்தான் நிற்கும். ஆனால் எப்படித் திறப்பது என்பதில் உங்களுக்குச் சொல்ல இடமுண்டு. பை பெல்ட்டில் போவதற்கு முன்பே, "சார், இதில் பழைய காசு கலெக்‌ஷன் இருக்கு, திறக்கணும்னா கொஞ்சம் தனியா வெச்சுப் பார்க்கலாமா? நானே எடுத்துக் காட்டுறேன்" என்று சொல்லி வையுங்கள். நூறு பேர் பார்க்க மேசையில் பரப்பாமல், தனி அறையிலோ தடுப்புக்குப் பின்னாலோ பார்க்கும்படி கேட்கலாம். திறந்து காட்ட என்றே ஒரு ஃபோல்டரை மேலாக வையுங்கள்: அதிகம் விலைபோகாத, ஒழுங்காக ஹோல்டரில் இருக்கும் காசுகள். அதைப் பார்த்தாலே பெரும்பாலும் மீதி என்னவென்று விளங்கிவிடும். ஸ்டாம்புக்கும் இதே ஏற்பாடுதான். முதல் ஷீட் எப்போதும் தலைப்பு ஷீட்டாக இருக்கட்டும். என்ன பொருள் என்று எழுத்திலேயே தெரியும்.

டேப் போட்டு முழுக்க ஒட்டிய பெட்டி வேண்டாம். கிழித்துத் திறக்க வேண்டிய நிலை வந்தால் திரும்ப மூடும் வழியில்லாமல் அப்படியே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். எலாஸ்டிக் பட்டை அல்லது வெல்க்ரோ போதும்.

இழப்பு நடக்கக்கூடிய நேரம் ஒன்றே ஒன்று: பை பெல்ட்டில் மறுபக்கம் போய்விட்டது, நீங்கள் இன்னும் உடல் சோதனை வரிசையில் இந்தப் பக்கம் நிற்கிறீர்கள். ஊட்டியிலிருந்து போட்டு வந்த ஜெர்கின், பெல்ட், வாட்ச், பாக்கெட்டில் உள்ள சாவி, சில்லறை எல்லாவற்றையும் முன்கூட்டியே கழற்றி ஒரு டிரேயில் போட்டு அதை முதலில் அனுப்புங்கள். சேகரிப்பு டிரேயைக் கடைசியாக, உங்களுக்கு முன்னால் நிற்பவர் மெட்டல் டிடெக்டரைத் தாண்டும் நேரத்தில் தள்ளுங்கள். பின்னால் இருப்பவர் முணுமுணுக்கத்தான் செய்வார், பரவாயில்லை. இருவராகப் போனால் சிரமமே இல்லை. ஒருவர் முதலில் தாண்டி மறுபக்கம் நிற்க, மற்றவர் பையை ஏற்றலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் வரிசை வேறு என்பதால், கணவன் மனைவியாகப் போகிறவர்கள் எந்த வரிசை குறைவாக இருக்கிறது என்று பார்த்து யார் முன்னால் போவது என்று முடிவு செய்யலாம்.

சேகரிப்பவர்களின் பையில் வழக்கமாக இருக்கும் சில சாமான்கள்தான் சேகரிப்பைவிட அதிகம் தொல்லை கொடுப்பவை. ஸ்டாம்புத் தாளின் நீர்க்குறியை (வாட்டர்மார்க்) பார்க்கும் திரவம் தீப்பற்றக்கூடியது. கைப்பையிலும் கூடாது, செக்-இன்னிலும் கூடாது. காசின் பிசுக்கெடுக்கும் அசிட்டோனுக்கும் அதே கதி. கட்டர், பிளேடு கைப்பையில் போகாது. ஸ்டாம்பைப் பிடிக்கும் முனை மழுங்கிய இடுக்கி (டாங்ஸ்), பூதக்கண்ணாடி, ஸ்டாம்பின் ஓரத் துளைகளை அளக்கும் பெர்ஃபரேஷன் அளவுகோல் ஆகியவற்றால் பிரச்சினை வருவதில்லை. பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்; அதையும் பேட்டரியில் ஓடும் யூ.வி. விளக்கையும் வெளியே எடுத்து டிரேயில் காட்டுங்கள்.

எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது என்றதற்கு ஒரு விலக்கு உண்டு: கழுவாத ஃபிலிம். ஊட்டி இந்து நகரில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' ஃபிலிம் ரோல்களை அட்டைப்பெட்டி பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் மலையில் இன்னும் இருக்கிறார்கள். காட்சிப் பொருளாக என்றால் ஸ்கேனரில் தாராளமாகப் போகட்டும். ஆனால் பழைய கேமரா ஒன்றுக்குள் யாரோ எடுத்துக் கழுவாமல் விட்ட ரோல் இருந்தால், அதைக் கையால் சோதிக்கும்படி கேளுங்கள். மங்கிய வெளிச்சத்திலும் படம் பிடிக்கும் வேகம் கூடிய ஃபிலிம் சாதாரண எக்ஸ்ரேயிலேயே பாதிக்கப்படும், புதிய சி.டி. ஸ்கேனர்களோ எந்த ஃபிலிமையும் விட்டுவைப்பதில்லை.

விமானத்துக்குள் ஒரு சங்கதி. கோவையிலிருந்து ஏ.டி.ஆர். ரகச் சிறிய விமானத்தில் இருக்கை கிடைத்தால், தலைக்கு மேலே உள்ள பெட்டகம் சிறியது. கூட்டம் நிறைந்தால் படிக்கட்டருகே சக்கரப் பெட்டிகளை வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். எனவே சேகரிப்புக்குச் சக்கரப் பெட்டி வேண்டாம்; முன் இருக்கைக்கு அடியில் நுழையும் முதுகுப்பை எடுங்கள். எமர்ஜென்சி வரிசையிலும் முதல் வரிசையிலும் காலடியில் பை வைக்க விடமாட்டார்கள் என்பதால் அந்த இருக்கைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

காற்றழுத்தத்தைப் பற்றியும் சிலர் கவலைப்படுவதுண்டு. விமானக் கேபினில் அழுத்தம் மிகக் குறையும்போதும் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதைப் போலத்தான் இருக்கும். ஊட்டி 2,240 மீட்டர். வருடக்கணக்கில் ஊட்டி அலமாரியில் இருந்த ஆல்பத்துக்கு அது சொந்த ஊர்க் காற்று.

செக்-இன் பெட்டி

வேண்டாம். உள்நாட்டுப் பயணத்தில் செக்-இன் பெட்டி தொலைந்தாலும் சேதமானாலும் விமான நிறுவனம் தர வேண்டிய இழப்பீட்டுக்கு உச்சவரம்பு 20,000 ரூபாய். விலை உயர்ந்த பொருளை அதில் போடாதீர்கள் என்று அவர்களின் நிபந்தனையிலேயே எழுதியிருக்கும். காலி ஆல்ப அட்டைகள், கேட்டலாக் புத்தகம், கட்டர் போன்றவற்றுக்கு மட்டும் அது உதவும்.

ரயில்

மேட்டுப்பாளையத்திலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு இரவில் நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. கைமாறுவது என்ற கணக்கில் ரயில் விமானத்தையும் மிஞ்சும்: யாரும் பையை வாங்குவதில்லை, யாரும் திறப்பதில்லை, 7 கிலோ வரம்பும் இல்லை. 5 கிலோ காசு வைத்திருப்பவருக்கு இதுதான் சரி.

பலவீனம் தூக்கம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100ஆவது பிரிவின்படி, நீங்கள் கையில் கொண்டுபோகும் சாமான் தொலைந்தால், ரயில்வே ஊழியரின் அலட்சியத்தாலோ தவறாலோ போயிற்று என்று நிரூபித்தால் ஒழிய, ரயில்வே பொறுப்பேற்காது. ஏ.சி. இரண்டடுக்கில் கீழ் பெர்த் கிடைத்தால் நல்லது. இருக்கைக்கு அடியில் உள்ள இரும்பு வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்டுவது காசுப் பைக்குச் சரி. ஸ்டாம்புப் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். யாராவது கவிழ்க்கும் தண்ணீர் ஓடி வருவது அங்கேதான். தலைமாட்டில் வைத்து, பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு படுங்கள். பெட்டி நீளமாக இருந்தால் பெர்த்தின் சுவரோரம் நிறுத்தி வைக்கலாம். அதன் மேல் தலை வைத்தால் கவருக்குள் உள்ள பசையுள்ள ஸ்டாம்ப் அழுந்தும்.

மேட்டுப்பாளையம் வரை மலை ரயிலில் இறங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 46 கிலோமீட்டர் இறங்க மூன்றரை மணி நேரம் போல ஆகும், அழகுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கல்லாறு – குன்னூர் இடையே மண் சரிந்து சேவை நின்றுவிடுவது வழக்கம். மாலையில் பிடிக்க வேண்டிய ரயில் இருக்கும்போது அதை நம்பி இறங்க வேண்டாம்.

மலையிலிருந்து இறங்குவதே தனிக் கணக்கு

எந்த வழியில் சென்னைக்குப் போனாலும் மேட்டுப்பாளையம் வரை மலை இறங்கித்தான் ஆக வேண்டும். ஸ்டாம்ப் கெட்டுப்போகிற பயணத் துண்டும் அதுவே. மார்கழிக் காலையில் ஊட்டியில் அலமாரியிலிருந்து எடுத்த ஆல்பம் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் இருக்கும். மலையடிவாரக் கல்லாறு தாண்டியதும் வெளியே வெதுவெதுப்பான ஈரக்காற்று. அங்கே டீக்கடையில் நிறுத்தி, "எல்லாம் சரியா இருக்கா பார்ப்போம்" என்று ஆல்பத்தைத் திறந்தால், குளிர்ந்த தாள்மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும். பயன்படுத்தாத ஸ்டாம்பின் பின்பக்கப் பசைக்கு அவ்வளவு போதும், கவரோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் பசை போச்சு, பசை போனால் விலையும் போச்சு.

எனவே வீட்டில், மழையில்லாத நேரத்தில், ஆல்பத்தை ஜிப்லாக் கவரில் போட்டு, தாளைத் தொடாமல் ஓரத்தில் ஈரம் உறிஞ்சும் ஒரு சிலிகா ஜெல் பாக்கெட் வைத்து மூடுங்கள். இறங்கியபின் மூன்று நான்கு மணி நேரம் கவரைத் திறக்காதீர்கள். உள்ளே உள்ளது வெளிச்சூட்டுக்கு மெல்ல வரட்டும். கார் டிக்கியில் வைப்பதைவிட காலடியில் வைப்பது மேல். ஏர்போர்ட்டில் திறக்கச் சொல்லும் நேரத்துக்குள் ஆல்பம் சூடேறியிருக்கும், உள்ளே ஏ.சி. காற்றும் உலர்ந்தது. திரும்பி வரும்போது சமவெளியில் மூடிய கவர் ஊட்டி வந்து சேர்வதற்குள், பர்லியார் தாண்டி உப்பும் சிப்ஸ் பாக்கெட்டைப் போல உப்பி, சில நேரம் ஜிப் தானாகவே திறந்துகொள்ளும். அதனால் மூடும்போதே காற்றை நன்றாக வெளியே தள்ளிவிடுங்கள்.

காசுக்குக் குளிரைவிட கவர்தான் பகை. மலிவான மெத்தென்ற பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் (ஃபிளிப்) செம்புக் காசை வைத்தால் நாளடைவில் பச்சைப் பிசுபிசுப்பு படியும். பயணத்துக்காகக் கடையில் கிடைத்ததை அவசரமாக வாங்கிப் போட்டு, ஊர் திரும்பியபின் மாற்ற மறந்துவிடுவதால் வரும் வினை இது. மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக்கில் சன்னல் வைத்த அட்டை ஹோல்டர் நல்லது. அட்டையில் அடிக்கும் ஸ்டேப்ளர் ஊசியின் முனைகளைக் குறடால் தட்டையாக்குங்கள். வளைவுக்கு வளைவு ஃபோல்டர் உரசும்போது பக்கத்துக் காசில் கீறல் போடுவது அந்த முனைதான்.

வண்டி விஷயத்தில், அரசுப் பேருந்தில் இறங்குவது தவறில்லை, பை மடியில் இருக்கும்வரை. மேலே உள்ள கம்பித் தட்டில் போட்டால், கொண்டை ஊசி வளைவில் அது நகரும். கோடைச் சீசனில் ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குபவற்றைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவது வழக்கம். விமானம் பிடிப்பவர்கள் அந்த நாட்களில் இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து டாக்சி வரவழைத்தால், 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவு வண்டிக்குத் தேவையில்லை. தேர்தல் நேரமாக இருந்தால் பறக்கும் படை வழியில் பையைத் திறக்கச் சொல்லும். பொருள்களின் படத்தோடு கூடிய பட்டியல், வாங்கிய பில்கள், கண்காட்சி அழைப்புக் கடிதம் ஆகிய மூன்றின் நகலையும் பைக்குள் ஒரு செட், ஃபோனில் ஒரு செட் வையுங்கள். ஏர்போர்ட்டிலும் இதுவே உதவும்.

தபாலும் கூரியரும்

2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. இன்ஷ்யூர் செய்யாத ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் கிடைப்பது கட்டணத்தின் இரு மடங்கு அல்லது ஆயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. இன்ஷ்யூர் செய்து அனுப்பலாம். ஆனால் ஊட்டியில் ஏற்றி சென்னையில் இறக்குவதற்குள் பெட்டி எத்தனை கை மாறும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேல் கைவசம் இருக்கும் டூப்ளிகேட்டுகளைப் பரிமாற மட்டும் தபால். தனியார் கூரியர் பலவற்றின் நிபந்தனையில் காசு, நகை, பழம்பொருள் ஆகியவை ஏற்கப்படாதவை என்றே இருக்கும். சொல்லாமல் அனுப்பினால் தொலைந்தபின் பேச வாயில்லை.

இன்ஷ்யூரன்ஸ் எடுத்திருந்தாலும் பாலிசியைப் படியுங்கள். வீட்டுக் காப்பீட்டில் ஸ்டாம்பும் காசும் தனியாகப் பட்டியலிட்டுச் சேர்க்கப்படாவிட்டால் பெரும்பாலும் சேராது. சேர்ந்திருந்தாலும் வீட்டுக்கு வெளியே, பயணத்தில், செல்லுமா என்பதைக் கிளையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விமானம் ஏறவே கூடாதவை

மலையிலுள்ள பழைய பங்களாக்களின் சாமான்களில் காசும் ஸ்டாம்பும் மட்டுமா இருக்கும்? வெற்றுத் தோட்டா உறை ஒன்று பையின் ஏதோ ஒரு மூலையில் கிடந்தாலும் சோதனை மேடையில் விஷயம் போலீஸ் வரை போகும். வேட்டைக் கத்தி கைப்பையில் கூடாது. தந்தம், புலி நகம், மான் கொம்பு என்றால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். தாத்தா காலத்தது என்ற பேச்சு எடுபடாது. வனத்துறையிடம் கேட்காமல் வீட்டு வாசலைக்கூடத் தாண்ட வேண்டாம்.

சிங்கப்பூருக்கோ ஷார்ஜாவுக்கோ கோவையிலிருந்தே பறக்கலாம் என்பதால் அங்குள்ள கண்காட்சிக்கும் இதே பையோடு போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள். தனிநபர் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. மேலே கணக்குப் போட்ட வெள்ளி ரூபாயில் முக்கால்வாசி அந்த வகைதான். நூறு ஆண்டு ஆகாத, ஆனால் பழசாகத் தெரியும் பொருளுக்கு இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் முன்கூட்டியே வாங்க வேண்டும். விலை உயர்ந்த நவீன ஸ்டாம்ப் என்றால், புறப்படும்போதே கஸ்டம்ஸில் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் எழுதி வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் சொந்த ஆல்பத்துக்கே திரும்பி வரும்போது வரி கேட்பார்கள்.